சர்வருக்கு இரண்டு வாசல்கள்

தரவு மையம் ஒன்றுக்குள் முதன்முறையாகச் செல்பவரின் கண்கள் திரையையும் கீபோர்டையும் தேடும். இரண்டும் அங்கே அநேகமாக இருக்காது. ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் இரும்பு ரேக்குகளில், பீரோவில் துணி அடுக்கியதைப் போல, சர்வர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகப்பட்டிருக்கும். ஓர் அடுக்கின் உயரம் 1.75 அங்குலம், வழக்கமான ஒரு ரேக்கில் இப்படி 42 அடுக்குகள் உண்டு. முன்பக்கத்தில் குளிர்காற்று வீசும், பின்பக்கத்தில் அனல் அடிக்கும், விசிறிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம் உரக்கப் பேசினால்தான் கேட்கும். மனிதர்கள் உட்கார்ந்து வேலை பார்ப்பதற்காகக் கட்டப்பட்ட இடமன்று அது. உள்ளே செல்வதற்கே முன்அனுமதி, அடையாள அட்டை, கைரேகை என்று பல படிகளைக் கடக்க வேண்டியிருக்கும். ஆகவே சர்வரைப் பராமரிக்கும் பொறியாளர் அதே கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தாலும், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தாலும், தன் வேலையில் பெரும்பகுதியைத் தொலைவிலிருந்தே செய்கிறார்.

இதற்கு அவரிடம் இரண்டு வழிகள் உள்ளன. சர்வர் நலமாக இயங்கிக்கொண்டிருக்கும்போது பயன்படுவது ஒன்று. சர்வர் படுத்துவிட்டால் பயன்படுவது மற்றொன்று. இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் முதல் வழியை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டு, தொலைநிர்வாகம் என்பது அவ்வளவுதான் என்று எண்ணிவிடுவதுண்டு. இரண்டாவது வழி ஏன் இருக்கிறது, அது முதல் வழியிலிருந்து எந்த அளவுக்குத் தனித்திருக்க வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

முதல் வழியின் பெயர் எஸ்எஸ்எச் (செக்யூர் ஷெல்). விண்டோஸ் சர்வர்களுக்கு ரிமோட் டெஸ்க்டாப் போன்ற வேறு வழிகளும் உண்டு. ஆனால் தரவு மையங்களில் பரவலாக இருக்கும் லினக்ஸ் சர்வர்களுக்கு எஸ்எஸ்எச்தான் அன்றாட வழி. அதற்கு முன்பு டெல்நெட் என்ற முறை இருந்தது. அதில் தட்டச்சு செய்யும் ஒவ்வோர் எழுத்தும், கடவுச்சொல் உட்பட, மூடாத தபால் அட்டையைப் போல வலையமைப்பில் பயணம் செய்தது. இடையில் ஒட்டுக்கேட்பவர் எவரும் அதைப் படித்துவிடலாம். பின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் அப்படிக் கடவுச்சொற்கள் திருடப்பட்ட பிறகு, அங்கே ஆய்வாளராக இருந்த தாட்டு யூலோனென், அனைத்தையும் சங்கேதமாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச்சை 1995இல் எழுதினார். வலையமைப்புச் சேவை ஒவ்வொன்றுக்கும் போர்ட் எண் என்ற ஓர் அடையாள எண் உண்டு. டெல்நெட்டின் போர்ட் எண் 23, கோப்புகளை அனுப்பும் எஃப்டிபியின் எண் 21. இடையில் காலியாக இருந்த 22ஐ அவர் கேட்டு வாங்கினார். இன்றும் எஸ்எஸ்எச்சின் எண் அதுதான்.

எஸ்எஸ்எச்சில் கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாவி இணையைப் பயன்படுத்துவதே நல்ல வழக்கம். உங்கள் கணினியில் ஒரு கட்டளை கொடுத்தால் ஒன்றுக்கொன்று கணிதத்தால் பிணைக்கப்பட்ட இரண்டு கோப்புகள் உருவாகும். ஒன்று பொதுச் சாவி. அதைச் சர்வரில் வைத்துவிடலாம், யார் பார்த்தாலும் கேடில்லை. மற்றொன்று அந்தரங்கச் சாவி. அது உங்கள் கணினியை விட்டு வெளியேறவே கூடாது. நீங்கள் இணைய முற்படும்போது, அந்த இணைப்புக்கே உரிய ஒரு தரவை உங்கள் கணினி அந்தரங்கச் சாவியால் கையொப்பமிட்டு அனுப்புகிறது. அந்தக் கையொப்பம் சரிதானா என்று சர்வர் பொதுச் சாவியைக் கொண்டு சரிபார்க்கிறது. சாவி கைமாறுவதே இல்லை என்பதால் வழியில் திருடுவதற்கு எதுவும் இல்லை.

இணைந்த பிறகு கிடைப்பது ஒரு கறுப்புத் திரையும் கட்டளைக்காகக் காத்திருக்கும் ஒரு வரியும். சென்னையில் அமர்ந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள சர்வரில் வேலை செய்தால், நீங்கள் தட்டும் எழுத்து திரையில் தெரிவதற்குக் கால் விநாடி வரை ஆகலாம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும் என்பதால் இந்தத் தாமதத்தை எந்தப் பணத்தாலும் முழுமையாக ஒழிக்க முடியாது. இணைப்பு பாதியில் அறுந்தால் ஓடிக்கொண்டிருந்த வேலையும் அதோடு நின்றுபோகக்கூடும். அதனால்தான் அனுபவசாலிகள் டீமக்ஸ் என்ற மென்பொருளுக்குள் இருந்து வேலை செய்வார்கள். இணைப்பு போனாலும் வேலை சர்வரில் தொடரும். திரும்ப வந்து விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம். நூறு சர்வர்களில் ஒரே மாற்றத்தைச் செய்ய வேண்டுமானால் ஆன்சிபிள் போன்ற கருவிகள் உள்ளன. அவையும் பெரும்பாலும் இதே எஸ்எஸ்எச் வழியாகத்தான் உள்ளே செல்கின்றன.

இவ்வளவு வசதியான வழிக்கு ஓர் அடிப்படைக் குறை உண்டு. எஸ்எஸ்எச் என்பது சர்வரின் இயங்குதளத்தின் (லினக்ஸ், விண்டோஸ் போன்றவை) மேல் ஓடும் ஒரு மென்பொருள். இயங்குதளம் எழுந்திருக்க வேண்டும், அதன் வலையமைப்பு அமைப்புகள் சரியாக இருக்க வேண்டும், எந்த இணைப்பை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் ஃபயர்வால் அனுமதிக்க வேண்டும், இடையில் தரவைக் கடத்தும் ஸ்விட்சும் ரவுட்டரும் இயங்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் கதவு திறக்காது. நீங்கள் சரிசெய்ய வேண்டியதும் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சர்வரின் ஃபயர்வாலைச் செம்மைப்படுத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. எதையெல்லாம் அனுமதிப்பது என்ற பட்டியலை முதலில் எழுதிவிட்டு, அதன் பிறகு மற்ற அனைத்தையும் தடுக்க வேண்டும். நான் வரிசையை மாற்றிவிட்டேன். அனைத்தையும் தடு என்ற கட்டளையை முதலில் கொடுத்து எண்டரைத் தட்டியதும் திரை அப்படியே உறைந்தது. அடுத்த வரி வரவில்லை. இணைய இணைப்பு மந்தமாக இருக்கிறது போலும் என்று ஒரு நிமிடம் என்னை நானே தேற்றிக்கொண்டேன். நுனிக்கிளையில் அமர்ந்து அடிக்கிளையை வெட்டியிருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. சர்வருக்கு எந்தக் கேடும் இல்லை. அது என் சொல்லை அட்சரம் பிசகாமல் கேட்டு என்னையும் சேர்த்து வெளியே நிறுத்திவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு, நகரத்துக்கு வெளியே இருந்த தரவு மையத்துக்கு வாடகைக் காரில் சென்று, சக்கரம் வைத்த மேசையில் மானிட்டரையும் கீபோர்டையும் தள்ளிக்கொண்டு போய்ச் சர்வரில் செருகி, இரண்டு வரிகளைத் தட்டிவிட்டுத் திரும்பினேன். வேலை 2 நிமிடம். பயணமும் வாயிற்காவல் நடைமுறைகளும் 4 மணி நேரம்.

இத்தகைய தவறுக்கு ஓர் எளிய காப்பு உண்டு: மாற்றத்தைச் செய்வதற்கு முன்பே, அதைத் திரும்பப் பெறும் கட்டளையைச் சில நிமிடங்களுக்குப் பின் தானாக ஓடும்படி அமைத்துவிட வேண்டும். மாற்றம் சரியாக இருந்தால் அந்தக் கட்டளையை ரத்து செய்யலாம். வெளியே மாட்டிக்கொண்டால் சற்று நேரத்தில் சர்வர் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஜூனிப்பர் ரவுட்டர்களில் இது கமிட் கன்ஃபர்ம்டு என்ற பெயரில் உள்ளது. நீங்கள் வேறு நேரம் குறிப்பிடாவிட்டால் 10 நிமிடம் காத்திருக்கும். உபுண்டு லினக்ஸில் வலையமைப்பு அமைப்புகளை மாற்றும்போது நெட்பிளான் ட்ரை என்ற கட்டளை 120 விநாடிகளுக்குள் நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் மாற்றத்தைக் கைவிட்டுவிடும். ஆனால் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலின் புதுப்பிப்பு தவறி இயங்குதளமே எழாமல் போனால் இந்தத் தந்திரமும் உதவாது. அங்கேதான் இரண்டாவது வாசல் தேவைப்படுகிறது.

அந்த இரண்டாவது வாசலின் பெயர் பேஸ்போர்டு மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர்; சுருக்கமாகப் பிஎம்சி. சர்வரின் தாய்ப்பலகையில் பதிக்கப்பட்ட ஒரு சிறு கணினி அது. அதற்கென்று தனிச் செயலி, தனி நினைவகம், தனி மென்பொருள், தனி ஐபி முகவரி எல்லாம் உண்டு. பெரும்பாலான சர்வர்களில் பின்பக்கத்தில் தனியாக ஒரு நெட்வொர்க் போர்ட்டும் (கேபிள் செருகும் துளை) உண்டு. தைவானின் ஏஸ்பீட் நிறுவனம் தயாரிக்கும் சிப்கள் இதற்குப் பரவலாகப் பயன்படுகின்றன. சர்வர் தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவரும் தத்தம் பிஎம்சிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: டெல்லில் ஐடிராக், எச்பிஇயில் ஐஎல்ஓ, லெனோவோவில் எக்ஸ்கிளாரிட்டி கன்ட்ரோலர். பெயர் எதுவானாலும் வேலை ஏறக்குறைய ஒன்றே.

இதில் கவனிக்க வேண்டிய முதன்மையான செய்தி, பிஎம்சி சர்வரின் மின்சாரப் பொத்தானுக்குக் கட்டுப்பட்டதன்று என்பதுதான். சர்வர் அணைக்கப்பட்டிருந்தாலும், மின்கம்பி செருகப்பட்டிருக்கும் வரை, காத்திருப்பு மின்சாரத்தில் பிஎம்சி விழித்திருக்கும். வீட்டில் அனைவரும் உறங்கினாலும் வாசலில் காவலாளி உட்கார்ந்திருப்பதைப் போன்றது அது. அதனால்தான் அணைந்து கிடக்கும் சர்வரை உங்கள் வீட்டிலிருந்தே எழுப்ப முடிகிறது.

பிஎம்சியின் முகவரியை உலாவியில் தட்டினால் ஒரு வலைப்பக்கம் திறக்கும். விசிறிகளின் வேகம், செயலியின் வெப்பநிலை, இரண்டு மின்வழங்கிகளில் எது செயலிழந்துள்ளது என்பன அதில் தெரியும். நினைவகத்தில் பிழை வந்தது, மூடி திறக்கப்பட்டது போன்ற வன்பொருள் நிகழ்வுகளுக்குத் தனிப் பதிவேடு ஒன்று இருக்கும். இரவில் காரணமின்றி அணைந்த சர்வரைப் பற்றி இயங்குதளத்தின் பதிவுகள் எதுவும் சொல்லாதபோது, இந்தப் பதிவேட்டை முதலில் பார்ப்பது நல்லது. மின்சாரத்தை நிறுத்தவும், கொடுக்கவும், நிறுத்திக் கொடுக்கவும் தனித்தனித் தேர்வுகள் இருக்கும். இயங்குதளத்திடம் பணிவாகச் சொல்லி அணைப்பது ஒன்று, ஒரேயடியாக மின்சாரத்தைத் துண்டிப்பது இன்னொன்று; அவசரத்தில் இரண்டாவதை அழுத்தினால் தரவுத்தளம் பாதி எழுதிய நிலையில் நின்றுபோகலாம்.

இவற்றையெல்லாம்விட மதிப்புமிக்கது ரிமோட் கன்சோல். சர்வரின் திரை வெளியீட்டையே பிஎம்சி படம்பிடித்து உங்களுக்கு அனுப்புகிறது. நீங்கள் தட்டும் எழுத்துகளைச் சர்வரில் செருகிய கீபோர்டிலிருந்து வருபவை போலக் கொடுக்கிறது. கர்னல் புதுப்பிப்புக்குப் பிறகு எழாத ஒரு சர்வரை எடுத்துக்கொள்வோம். எஸ்எஸ்எச் பதில் தரவில்லை. கன்சோலைத் திறந்தால், கர்னல் பேனிக் என்று தொடங்கும் வரிகளுடன் திரை நின்றிருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திக் கொடுக்கிறீர்கள். முதலில் கறுப்புத் திரை, பிறகு தயாரிப்பாளரின் சின்னம், பிறகு நினைவகச் சோதனை. மடிக்கணினியைப் போல நொடிகளில் அன்றி, பெரிய சர்வர்களில் இதற்குப் பல நிமிடங்கள் ஆகும். பொறுமையிழந்து மறுபடியும் பொத்தானை அழுத்தினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். பிறகு எந்தக் கர்னலை ஏற்றுவது என்று கேட்கும், சில விநாடிகளே நிற்கும் கிரப் பட்டியல் வருகிறது. கீழ்நோக்கு அம்புக்குறியைத் தட்டிப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். சர்வர் எழுகிறது. வட்டே கெட்டுப்போயிருந்தால், விர்ச்சுவல் மீடியா என்ற வசதியின் மூலம் உங்கள் கணினியிலுள்ள, நிறுவல் வட்டின் நகலான ஐஎஸ்ஓ கோப்பைச் சர்வரின் டிவிடி டிரைவில் போட்டதைப் போலக் காட்டி, இயங்குதளத்தைப் புதிதாகவே நிறுவிவிடலாம்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான ஒரு புதுப்பிப்பு, மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. இன்றியமையாத நிரல்களை மட்டும் ஏற்றும் சேஃப் மோடில் எழுப்பி, குறிப்பிட்ட ஒரு கோப்பை அழிப்பதே அதற்கான மருந்து. செய்வது எளிது, ஆனால் இயங்குதளம் எழாதபோது வலையமைப்பின் வழியே செய்ய வழியில்லை. பிஎம்சி உள்ள சர்வர்களில் பொறியாளர்கள் இருந்த இடத்திலிருந்தே கன்சோலைத் திறந்து அதைச் செய்ய முடியும். பிஎம்சி இல்லாத மேசைக் கணினிகளுக்கும் விமான நிலைய அறிவிப்புத் திரைகளுக்கும் ஒவ்வொன்றாக ஆள் போக வேண்டியிருந்தது.

பிஎம்சியுடன் பேசுவதற்கான பொதுமொழியாக இன்டெல், டெல், எச்பி, என்இசி ஆகிய நிறுவனங்கள் 1998இல் ஐபிஎம்ஐ என்ற வரையறையை வெளியிட்டன, அதன் 2.0 பதிப்பு 2004இல் வந்தது. 2015இல் ரெட்ஃபிஷ் என்ற புதிய வரையறை வந்தது. அது வலைத்தளங்கள் பேசும் அதே எச்டிடிபிஎஸ் மொழியில் பேசுவதால், இன்றைய நிரலாளர்களுக்கு எளிதாகக் கைவருகிறது. தொடக்கநிலையில் இருப்பவர் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும்.

ஆனால் பிஎம்சியின் ஆபத்தை மட்டும் தொடக்கநிலையிலேயே தெரிந்துகொண்டாக வேண்டும். சர்வரின் மின்சாரம், திரை, கீபோர்டு, வட்டு எல்லாம் யார் கையில் இருக்கிறதோ, சர்வரே அவர் கையில் இருக்கிறது. இயங்குதளத்தில் எத்தனை பூட்டுப் போட்டிருந்தாலும் பயனில்லை. அப்படிப்பட்ட வாசலுக்கு நெடுங்காலம் இருந்த பூட்டுகளைப் பாருங்கள். தயாரிப்பாளரே வைத்து அனுப்பியவை அவை: டெல் சர்வர்களில் பயனர் பெயர் ரூட், கடவுச்சொல் கால்வின். சூப்பர்மைக்ரோ சர்வர்களில் இரண்டுமே அட்மின். இவை உலகறிந்த இரகசியங்கள். கருவிகளுக்குத் தனித்தனிக் கடவுச்சொல் வேண்டும் என்ற கலிஃபோர்னியச் சட்டம் 2020இல் நடைமுறைக்கு வந்ததை ஒட்டி, சூப்பர்மைக்ரோ ஒவ்வொரு சர்வருக்கும் வெவ்வேறு கடவுச்சொல்லை ஒட்டி அனுப்பத் தொடங்கியது. இது போதாதென்று ஐபிஎம்ஐ 2.0 வரையறையிலேயே ஒரு குறை இருந்தது: கேட்பவர் யார் என்று உறுதிசெய்வதற்கு முன்பே, கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட ஹேஷ் என்ற குறியீட்டை அது அவருக்கு அனுப்பிவிடும். அதை வாங்கிச் சென்று தன் கணினியில் சாவகாசமாகக் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கலாம். 2013இல் பரவலாக வெளிச்சத்துக்கு வந்த இந்தக் குறை, வரையறையின் உறுப்பாகவே இருப்பதால் ஒட்டுப்போட்டுச் சரிசெய்யக் கூடியதன்று.

எனவே பிஎம்சியை ஒருபோதும் இணையத்தை நோக்கித் திறந்துவைக்கக் கூடாது. அதற்கெனத் தனி ஸ்விட்ச், தனி வலையமைப்பு, அதற்குள் நுழைய விபிஎன் என்ற பாதுகாப்பான தனிவழி என்பதுதான் முறை. சில சர்வர்கள், தனிப் போர்ட்டில் கேபிள் இல்லையென்றால், வழக்கமான நெட்வொர்க் போர்ட்டையே பிஎம்சிக்கும் பகிர்ந்துகொள்ளும். கேபிள் மிச்சம் என்று அப்படியே விட்டுவிடும் நிறுவனங்கள் உண்டு. என் அனுபவத்தில் வந்த சர்வரிலும் பிஎம்சி இருக்கத்தான் செய்தது. அதன் போர்ட்டில் கேபிளைச் செருகும் வேலை யாருக்கும் நினைவில்லாமல் போயிருந்தது.

தனி வலையமைப்பு என்றால் எந்த அளவுக்குத் தனி என்ற கேள்விக்கு இரண்டு பெரிய நிறுவனங்கள் விலை கொடுத்து விடை கண்டன. 2021 அக்டோபர் 4 அன்று, ஃபேஸ்புக்கின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பின் கொள்ளளவை மதிப்பிடுவதற்காகக் கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, அந்த வலையமைப்பையே துண்டித்துவிட்டது. இத்தகைய கட்டளைகளைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் பிழை இருந்தது. தரவு மையங்களுடன் பேச முடியாமல் போனதும், தளத்தின் பெயரைக் கேட்டால் முகவரியைச் சொல்லும் அதன் டிஎன்எஸ் சர்வர்கள் தங்கள் முகவரிகளை இணையத்திலிருந்து விலக்கிக்கொண்டன. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகெங்கும் சுமார் 6 மணி நேரம் மறைந்தன. வழக்கமான வழியோடு மாற்று மேலாண்மை வழியும் அன்று செயலிழந்திருந்தது. பொறியாளர்கள் நேரில் அனுப்பப்பட்டார்கள். உள்ளே நுழைவதற்கும், நுழைந்த பின் ரவுட்டர்களைத் தொட்டு மாற்றுவதற்கும், ஊடுருவலைத் தடுக்க அவர்களே அமைத்திருந்த காப்புகள் அவர்களையே தாமதப்படுத்தின.

2022 ஜூலை 8 அன்று கனடாவில் ரோஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ரவுட்டர்களில் வழித்தடங்களை வடிகட்டும் விதி ஒன்று நீக்கப்பட, மைய வலையமைப்பே திணறி விழுந்தது, 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் தொலைபேசியும் இணையமும் இன்றி நின்றார்கள். அந்நிறுவனத்தின் மேலாண்மை வலையமைப்பும் அதே மைய வலையமைப்பைச் சார்ந்திருந்ததால், கோளாறு எங்கே என்று பார்ப்பதற்கே பொறியாளர்களுக்கு வழியில்லை. ஒருவரையொருவர் அழைத்துப் பேசுவதற்குக்கூட ஊழியர்களிடம் இருந்தவை ரோஜர்ஸ் எண்கள்தான். தாளில் தனித்தனிக் கோடுகளாக வரைந்த இரண்டு வழிகள், நிலத்தில் ஒரே பாலத்தின் மீது போயிருக்கின்றன.

ஆகவே பிஎம்சி வலையமைப்பை அமைக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, இது எதை நம்பியிருக்கிறது என்பதுதான். உள்ளே நுழையும் விபிஎன், நீங்கள் மீட்க வேண்டிய அதே ரவுட்டர் வழியாக வருகிறதா? பிஎம்சிகளின் பெயர்கள், விழுந்தால் எழுப்ப வேண்டிய அதே டிஎன்எஸ்ஸில் மட்டும் பதிவாகியுள்ளனவா? கடவுச்சொற்களை வைத்திருக்கும் பெட்டக மென்பொருள் அதே ரேக்கில் ஓடுகிறதா? பல நிறுவனங்கள் வேறொரு தொலைபேசி நிறுவனத்தின் சிம் போட்ட 4ஜி மோடத்தை ரேக்கில் வைத்து, அதன் வழியே கன்சோலை அடைகின்றன. வேகம் குறைவுதான், எழுத்துகள் மட்டும் போய்வர அது போதும். மேகக் கணிமையில் சர்வரை வாடகைக்கு எடுத்தவருக்குப் பிஎம்சி கண்ணில் படாது. அது வழங்குநரிடம் இருக்கும். அங்கேயும் எஸ்எஸ்எச் அடைபட்டால் நுழைவதற்குச் சீரியல் கன்சோல் என்ற மாற்று வழி பெரிய வழங்குநர்களிடம் கிடைக்கிறது. தேவைப்படும் நாளுக்கு முன்பே அதைத் திறந்து ஒருமுறை நுழைந்து பார்த்துவிடுவது நல்லது.

இத்தனைக்கும் பிறகு கைகளால் மட்டுமே ஆகும் வேலைகள் எஞ்சியிருக்கும். கெட்டுப்போன வட்டைக் கழற்ற வேண்டும், தளர்ந்த கேபிளை அழுத்த வேண்டும். இதற்கென்றே தரவு மையங்கள் ரிமோட் ஹேண்ட்ஸ் என்ற பெயரில் அங்குள்ள பணியாளர்களைக் கட்டணத்துக்கு அனுப்புகின்றன. அப்படி வரும் பணியாளருக்கு ரேக் எண்ணும் அடுக்கு எண்ணும் சொன்னாலும், ஒரே மாதிரியான நாற்பது பெட்டிகளுக்கு நடுவே தவறான சர்வரின் வட்டை உருவிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. அதற்கும் பிஎம்சியில் ஒரு வசதி இருக்கிறது. ஐடென்டிஃபை என்ற கட்டளையைக் கொடுத்தால், சர்வரின் முன்னும் பின்னும் ஒரு சிறு விளக்கு, பெரும்பாலும் நீல நிறத்தில், மினுக்கத் தொடங்கும். ஐபிஎம்ஐயில் நேரம் குறிப்பிடாவிட்டால் அது 15 விநாடிகளில் அணைந்துவிடும் என்பதால், விடாமல் எரியும்படி அமைத்துவிட்டுத் தொலைபேசியில் காத்திருக்க வேண்டும். விசிறி இரைச்சலுக்கு நடுவே அவர் உரத்த குரலில், நீல விளக்கு தெரிகிறது என்று சொன்ன பிறகே வட்டைத் தொடச் சொல்ல வேண்டும்.